பட்டையின் அகலம்

"சின்னக் கைன்னா ரெண்டு சுத்து, பெரிய கைன்னா ஒரு சுத்து, அம்புட்டுதான் தாத்தா, இதுல என்ன இருக்கு?" பியூலா சிஸ்டர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. பெரியவர் கேட்டதும் பெரிய கேள்வி இல்லை. போன மாசம் பிரஷர் பார்த்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறதே, கொஞ்சம் லேசாகச் சுற்றக் கூடாதா என்றுதான் கேட்டார். அவருடைய கை முருங்கைக்காய் மாதிரி இருந்தது. தோல் எலும்பின் மேல் சும்மா போர்த்திவிட்டது போல நகர்ந்தது. பட்டையைச் சுற்றி முடித்ததும், "மாவுக்கட்டுப் போட்டாச்சு, இனி ஆறு வாரம் கழிச்சுத்தான அவுப்பீங்க?" என்றார். பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை, ரப்பர் உருண்டையை அமுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிஸ்டர் முதலில் சொன்ன வாக்கியம் மட்டும் காதில் நின்றது. ரெண்டு சுத்து, ஒரு சுத்து. நான் ஒரு வாரமாக வேறொரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். சிஸ்டர், பெரிய பட்டை இருக்கா? அவ்வளவுதான், நாலு வார்த்தை. பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்தேன், ஓபி சீட்டு வாங்கும் ஜன்னலில் சொல்லிப் பார்த்தேன், இப்போது பெஞ்சில் ஒருவர் எழுந்தால் எல்லோரும் ஓரிடம் நகரும் வழக்கப்படி நகர்ந்து நகர்ந்து சொல்லிப் பார்க்கிறேன். சிஸ்டர் என்பதை முதலில் வைக்கலாமா கடைசியில் வைக்கலாமா? முதலில் வைத்தால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டால் மீதி வராது. கடைசியில் வைத்தால் யாரிடமோ பேசுவது போல இருக்கும். நாற்காலியின் முதுகில் பட்டை தொங்கும்போது பார்த்தேன், ஒரு காலத்தில் கருநீலமாக இருந்திருக்க வேண்டும். ஓரம் பிரிந்ததை யாரோ வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். இந்தக் கூடத்துக்கு வருகிற எல்லாக் கைகளும் அதற்குள் போய்த்தான் வெளியே வருகின்றன. ஒரே ஒரு பட்டை, அதில் ஒரே ஒரு காற்றுப்பை. ஊரின் ரத்தம் முழுவதும் அந்த அகலத்தில்தான் அளக்கப்படுகிறது.

என் கையின் சுற்றளவு பதினைந்து அங்குலம். எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் பரவாயில்லை, ரத வீதி தையல்காரர் டேப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடையின் மறுகோடியில் நோட்டோடு நின்ற அவர் மனைவியிடம் "மேல்கை பதினஞ்சு!" என்று கத்தினார். அவள் நம்பாமல் "எத்தன?" என்று திரும்பக் கேட்டாள். அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். அதிலிருந்து நான் முழுக்கைதான். பங்குனி வெயிலிலும் முழுக்கை. மூன்று வாரத்துக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கையைச் சுருட்ட முடியாமல், சிஸ்டர் துணிக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, அது பாதி வழியில் நின்று, இழுத்து ஒட்டி, காற்று ஏற ஏற ஓரம் பர்ரென்று பிரிந்து, மறுபடி ஒட்டி, ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே பார்த்து, நூற்று ஐம்பத்திரண்டு தொண்ணூற்றெட்டு என்று எழுதினாள். இருபத்திரண்டு வயதுக்கு இது அதிகம் என்று டாக்டர் உடல்தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் ஃபாரத்தைத் திருப்பித் தந்தார். மூன்று வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு வா. பாலிடெக்னிக்கில் லேப் வேலை. திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அம்மா அன்றே வீட்டில் எல்லோருக்கும் உப்பை நிறுத்தினாள். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் அதற்கு மனசு கஷ்டப்படுமாம். அப்பா ஆபீஸ் பையில் ஊறுகாய் பாட்டில் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். மூன்று வாரமும் நான் அந்தச் சப்பென்ற சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டே நினைத்தது இது பொய் என்றுதான். என் கைக்கு அந்தப் பட்டை சிறியது, சிறிய பட்டை கூடுதலாகத்தான் காட்டும், நான்கு வருடம் படித்தது இதைத்தான், இதை மட்டுமாவது தெரியும். தெரிந்து என்ன? அன்றைக்கு நாற்காலியில் வாயைத் திறக்கவில்லை. எந்தப் பஸ்ஸிலும் நிறுத்தத்துக்கு முன்னால் "எறங்கணும்" என்று சொன்னதில்லை. வேறு யாராவது இறங்கினால் இறங்குவேன், இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். நடப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

பெஞ்சில் என் பக்கத்தில் காலியான இடத்தில் ஒரு சிறுமியும் அவள் அப்பாவும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவின் காதோரம், நகக்கண், செருப்பு எல்லாவற்றிலும் வெளிர்பச்சைப் பெயின்ட் புள்ளிகள். எங்கோ பாதிச் சுவரில் வேலையை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். சிறுமி அவர் தொடையில் தலையை வைக்கப் பார்த்தாள், பெஞ்சு போதவில்லை, என் பக்கம் சாய்ந்தாள். நான் நகரவில்லை. கண் இமைகள் இரண்டும் உப்பியிருந்தன, அழுது முடித்தவள் போல, ஆனால் அழுத தடம் இல்லை. கணுக்காலில் காய்ந்த சிரங்கின் வட்டங்கள், விளிம்பு மட்டும் கறுப்பு. எனக்கு மறுபக்கம் இருந்த ஒரு அக்கா மடியில் இரண்டு மாத்திரைக் கவர்களோடு ரொம்ப நேரமாகப் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஒரு ஜன்னல் என்பது போல என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, பிள்ள மொகம் பொதபொதன்னு இருக்கு, நல்லாத் தூங்கி எந்திரிச்சா?" என்றாள். "தூக்கம் எங்கக்கா, ராத்திரி பூரா தலவலின்னு ஒரே அழுக. காலைல ஒருக்க வாந்தி. ரெண்டு நாளா ஒண்ணுக்குப் போனா பால் விடாத கட்டஞ்சாயா கெணக்கா போவுது." "சூடுதான். எளனி குடுத்தீங்களா?" "குடுத்தோம். அதையும் வாந்தி எடுத்துட்டா." "அப்ப டாக்டரு என்ன சொல்லுதாரு?" அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். அதில் இருந்ததை அவரால் வாசிக்க முடிந்ததா தெரியவில்லை, ஆனால் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "பிரஷர் பாத்துட்டு வரச் சொன்னாரு. கூட இருந்தா இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணுமாம், ஆம்புலன்ஸே குடுத்துருவாங்களாம், கிட்னில என்னமோ இருக்கும்ன்னாரு. கூட இல்லன்னா மாத்திர எழுதித் தாரேன், ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்கன்னாரு." அக்கா உச்சுக் கொட்டினாள். "ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன பிரஷரு? வயசான காலத்துல நமக்கு வாரது. ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க." பிறகு பெஞ்சு முழுவதற்குமாக, "பிள்ள கெடந்து தவிக்கி, முன்னால போகட்டும்" என்று உத்தரவு போட்டாள். முன்னால் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கினார்கள். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு போய் மேசையருகே நின்றார். என் தோளில் அவள் சாய்ந்திருந்த இடம் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.

கூட இருந்தா, கூட இல்லன்னா. ஒரு எண்ணுக்காக அவர்கள் நிற்கிறார்கள். அந்த எண்ணைச் சொல்லப்போவது நாற்காலி முதுகில் தொங்குகிற பட்டை. நானும் கூடப் படித்த நஸ்ரினும் கடைசி வருடப் ப்ராஜெக்டுக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது குழந்தைகளுக்கு மூன்று பட்டைகளை மாற்றி மாற்றிச் சுற்றிப் பார்த்தோம். நஸ்ரின் பேசுவாள், நான் எழுதுவேன். ஒரே குழந்தை, ஒரே நாற்காலி, பத்து நிமிடம். குழந்தைப் பட்டையில் ஒரு எண் வரும், பெரியவர்கள் பட்டையில் அதைவிடக் குறைந்து வரும். முதல் ஐந்து குழந்தைகள் வரை நான் தவறாக எழுதுகிறேன் என்று நினைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். அதன் பிறகு குறைவதே வாடிக்கையாகிவிட்டது, குறையாவிட்டால்தான் சந்தேகம். வீட்டில் அம்மா ஏன் என்று கேட்டபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன். ஒரே விரலால் நாடியை நிறுத்தப் பார்த்தால் நன்றாக அழுத்த வேண்டும். உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்தினால் லேசாக அழுத்தினாலே அடங்கிவிடும். சின்னக் கையில் பெரிய பட்டை உள்ளங்கை மாதிரி. லேசான அழுத்தத்திலேயே ரத்தம் நின்றுவிடும், அழுத்தம் குறைவு என்று மீட்டர் சொல்லும். பெரிய கையில் சின்னப் பட்டை விரல் மாதிரி. அம்மா கேட்டுவிட்டு, "விடுட்டி, வலிக்கி" என்றாள். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லா வரைபடங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "சரிம்மா, இதனால யாருக்கு என்ன?" எனக்கு விடை தெரியும். தலைக்குள் முழு வாக்கியமாக, முற்றுப்புள்ளி வரைக்கும் இருந்தது. நான் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நஸ்ரின் என்னமோ சொன்னாள். அவளுக்கு நாற்பத்தெட்டு, எனக்கு நாற்பத்தொன்று. நியாயமான மதிப்பெண்தான்.

"பேரு?" "இசக்கிச்செல்வி." "வயசு?" "ஆறு முடிஞ்சு ஏழு நடக்கு." சிஸ்டர் சிறுமியின் கையைப் பிடித்து மேசை மேல் வைத்தாள். கடுமையில்லை, நூறு கைகளைப் பிடித்த பிடி. பட்டை அக்குளில் தொடங்கி முழங்கையின் மடிப்பையும் மூடி அதற்குக் கீழும் இறங்கியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அந்தக் கை உள்ளே எங்கோ இருந்தது, நுனியில் ஐந்து விரல்கள் மட்டும் வெளியே. ஸ்டெதாஸ்கோப்பை வைக்க இடமில்லாமல் பட்டைக்கு அடியில் செருகினாள். நான் என் ஃபாரத்தின் மூலையை மடித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லலாம். காற்று ஏறுவதற்குள் சொல்ல வேண்டும். காற்று ஏறிவிட்டது, இறங்கும்போது பேசினால் அவளுக்குச் சத்தம் கேட்காது, ஆகவே இறங்கி முடிந்ததும் சொல்லலாம். இறங்கி முடிந்தது. நான் யார் என்று கேட்டால்? பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று சொன்னால் மெஷின் ரிப்பேரா என்று கேட்பார்கள், எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஒருவேளை குழந்தைக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லையோ என்னவோ. வீங்கிய இமை, கட்டஞ்சாயா, சிரங்கு. நான் டாக்டர் இல்லை. பட்டையின் அகலம் மட்டும் தெரியும். "நூத்திப்பத்து எழுவது" என்றாள் சிஸ்டர். "நார்மலாத்தான் இருக்கு. போங்க, டாக்டர்ட்ட காட்டுங்க." அப்பாவின் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். "அப்பாடி" என்றார் அக்காவைப் பார்த்து. "நாந்தான் சொன்னம்லா" என்றாள் அக்கா. ஆறு வயதுக்கு நூற்றுப்பத்து என்பதே மேல் வரம்பு. அதுவும் உள்ளங்கை வைத்து அழுத்தியும் நூற்றுப்பத்து. அப்படியானால் சின்னப் பட்டை வைத்தால்? அவர்கள் டாக்டர் அறைக்குள் போனார்கள். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன், எதற்கு என்று தெரியாமல். எண்பது வரும்போது வெளியே வந்தார்கள், சீட்டில் மாத்திரை எழுதியிருக்க வேண்டும், நேரே மருந்து கொடுக்கும் ஜன்னலில் போய் நின்றார்கள். அங்கே பதினான்கு பேர். சிறுமியை இறக்கி நிறுத்தினார், அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு நெற்றியை அதில் முட்டிக்கொண்டாள். பதின்மூன்று பேர். ஜன்னலில் இருந்தவர் வேகமாகக் கொடுக்கிறார், மாத்திரைகளைக் கத்தரித்துப் போட்டுக் காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு என்று பார்க்காமலே சொல்கிறார். பன்னிரண்டு. நான் எழுந்து போய் அப்பாவிடமே சொல்லிவிடலாம். சொன்னால் அவர் என்ன செய்வார், மறுபடி சிஸ்டரிடம்தான் வருவார், அவள் இவரைத் திட்டுவாள். திட்டு வாங்குவதற்கு ஒருவரை ஏற்பாடு செய்வது போலாகும். அப்படிப் பார்த்தால் சொல்லாமல் இருப்பது மரியாதை என்றுகூட நினைக்கலாம். இப்படியெல்லாம் எனக்கு எப்போதும் தோன்றும். எல்லாம் ஒழுங்காகத்தான் தோன்றும். பதினொன்று.

"சுகிர்தா" என்றாள் சிஸ்டர். நாற்காலி சூடாக இருந்தது. "நீ போன தடவ வந்த பொண்ணுல்ல? உப்பு கொறச்சியா?" தலையாட்டினேன். "கையத் தூக்கு. இன்னைக்கும் இந்த முழுக்கையத்தான் போட்டுட்டு வந்திருக்க." அவள் பட்டையை எடுத்தாள். என் வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. நாலு வார்த்தை, சிஸ்டர் முதலில். அது எனக்கானது. மூன்று வாரச் சாம்பாரும் திங்கட்கிழமையும் அதற்குள்தான் இருக்கின்றன. இரண்டு தடவை என்னால் பேச முடியாது. ஒரு தடவைக்குத்தான் மூச்சு இருக்கிறது, எனக்கு என்னைத் தெரியும். "சிஸ்டர், அந்தப் பாப்பாவுக்குச் சின்னப் பட்ட வச்சுப் பாக்கணும்" என்றேன். என் குரலே எனக்குப் பின்னாலிருந்து வந்தது போல இருந்தது. அவள் கை நின்றது. "எந்தப் பாப்பா?" "இப்பப் போச்சே. ரெண்டு சுத்து சுத்துனீங்க. பெரிய பட்டைல கொறஞ்சு காட்டும். ஆறு வயசுக்கு நூத்திப்பத்தே கூடுதல், சிஸ்டர்." மருந்து வாங்கக் காத்திருந்த பெரியவர் எதிர்ப்பெஞ்சிலிருந்து, "அடடே, டாக்டரம்மா இங்கயே இருக்கு. தெரியாம நாம உள்ள போய் க்யூவுல நின்னுட்டமே" என்றார். இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிஸ்டர் என்னையே பார்த்தாள். "பதினெட்டு வருசமா பாக்கேன்" என்றாள். "நீ எத்தன வருசமா பாக்க?" நாற்பது குழந்தைகள் என்று சொல்ல நினைத்தேன், அது வருடக் கணக்கு இல்லை. "கொழந்தைப் பட்ட இல்லைன்னா நெனச்ச? எல்லாம் வந்துருக்கு. பச்சக்கொழந்தைக்கு, சின்னப் பிள்ளைக்கு, குண்டுக் கைக்கு, நாலு சைசு. பீரோவுல கவர் பிரிக்காம வச்சிருக்கு. வாரவன் போறவனெல்லாம் ஆய்வுன்னு வந்து எங்க, காட்டுங்கிறான். அழுக்காகிக் கிழிஞ்சு போச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? நீ வந்து சொல்லுவியா? போன வருசம் தெர்மாமீட்டர் ஒடஞ்சதுக்கே மெமோ குடுத்தாங்க." பேசிக்கொண்டே என் கையில் பட்டையைச் சுற்றினாள். ஒரு சுற்று, அதுவும் பாதி. காற்று ஏறியது. விரல்கள் விறைத்தன. குண்டுக் கைக்கு என்று ஒன்று பீரோவுக்குள் இருக்கிறது என்பதை என் தலையின் ஒரு பகுதி தனியாகக் குறித்துக்கொண்டது. என் பார்வை மருந்து ஜன்னலில் இருந்தது. ஏழு பேர். ஓரம் பர்ரென்று பிரிந்தது. அவள் அதை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள். காதில் என் நாடியின் சத்தம் எனக்கே கேட்டது. "நூத்தி நாப்பத்தெட்டு, தொண்ணூத்தாறு" என்று சீட்டில் எழுதினாள். "எந்திரி. அடுத்து யாரு?"

நான் எழுந்து சுவரோரம் நின்றேன். டாக்டர் அறைக்குப் போகலாம், போனால் அவர் ஃபாரத்தைத் திருப்பித் தருவார், அம்மா சாம்பாரில் இன்னொரு மூன்று வாரம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வளையல்களை மேலே தள்ளிக்கொண்டு கையை நீட்டியிருந்தாள். ஜன்னலில் மூன்று பேர். சிறுமி கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள், இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு. அவள் அப்பா ஒரு கையில் சீட்டையும் ஒரு கையில் அவள் சட்டைக் காலரையும் பிடித்திருந்தார். சிஸ்டர் பட்டையை எடுத்தாள். அக்காவின் கையைப் பார்த்தாள். பட்டையை மேசை மேல் வைத்தாள். "ஒரு நிமிசம் இருங்க" என்று எழுந்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிரித்தபடி மூலையிலிருந்த இரும்பு பீரோவுக்குப் போனாள். மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். நகத்தால் கிழித்துப் பார்த்தாள், கிழியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள். "இசக்கிச்செல்வி" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "ஏ அண்ணாச்சி, மாத்திர வாங்காண்டாம், பிள்ளையத் தூக்கிட்டு வாங்க." ட்யூபைக் கழற்றிப் புதிதில் மாட்டினாள். அக்காவை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாள். புதிய பட்டை விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல்தான் அகலம். சிறுமியின் மேல்கையில் ஒரு சுற்றில் உட்கார்ந்துகொண்டது, முழங்கை மடிப்பு வெளியே தெரிந்தது. காற்றை ஏற்றினாள், இறக்கினாள். "எம்புட்டு சிஸ்டர்?" என்றார் அப்பா. அவள் மீட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். மறுபடி ஏற்றினாள், முதல் தடவையைவிட மெதுவாக இறக்கினாள். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ட்யூபை உருவிவிட்டு, பட்டை சுற்றியபடியே சிறுமியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களைத் தோளால் விலக்கியபடி டாக்டர் அறைக்குள் போய்க் குதிகாலால் கதவைச் சாத்தினாள்.